தங்கமலர் நகருக்கு வந்த முறைத்தண்ணீர்

எங்கே தொடங்கினாலும் தப்பாகச் சொல்லிவிடுவோம் என்று ராக்கம்மாளுக்குப் பயமாக இருந்தது. தண்ணீர் வந்ததிலிருந்து தொடங்கினால், தண்ணீர் போகிற இடத்தில் வீடு கட்ட யாரம்மா விட்டது என்று கிராமசபைக்கு வரப்போகிற அதிகாரி கேட்பார். கையெழுத்திலிருந்து தொடங்கினால் அதற்கு மேல் அவர் எதையுமே கேட்கமாட்டார், குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய் மேல்நடவடிக்கைக்கு எழுதிவிடுவார். ஆகவே அவள் கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டு, அது அரைபடுகிற சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு, "ஐயா, வணக்கமுங்க" என்று ஒரு விதமாகவும், "நடந்தது என்னன்னா" என்று இன்னொரு விதமாகவும் சொல்லிப் பார்த்தாள். எந்த விதமாகச் சொன்னாலும் கடைசியில் அவளே போய்க் குற்றவாளிக் கூண்டில் நின்றாள்.

ராக்கம்மாள் செவ்வூரணிப்பட்டியில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிய வருசம், ஊரில் இரண்டு பெரிய வீட்டுக்காரர்களும் அவரவர் மருமகளை நிறுத்துவதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம் என்று, இரண்டு வீட்டுக்கும் மாவு கொடுக்கிற ராக்கம்மாளை நிறுத்தினார்கள். ஜெயித்த நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி போய்விட்டது. தெருவிளக்கு எரியாவிட்டால் தன்னைத்தான் திட்டுவார்கள் என்று பயந்தாள், எரிந்தால் யாருக்காவது ஷாக் அடித்துவிடுமோ என்று பயந்தாள். கையெழுத்துப் போடும்போது ஒவ்வோர் எழுத்தையும் கோலப்புள்ளி மாதிரி தனித்தனியாக வைத்துத்தான் போடுவாள்.

அப்படித் தனித்தனியாக வைத்துப் போட்ட ஒரு கையெழுத்துதான் மூன்று வருசமாக அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

மனை போட்டு விற்கிற தனராஜ் டவுனிலிருந்து வந்து, கண்மாய்க்குக் கீழே, ரோட்டை ஒட்டி இருந்த பதினான்கு ஏக்கர் நஞ்சையை வாங்கினார். கண்மாயில் அப்போது நாலு வருசமாகத் தண்ணீர் இல்லை. மடைக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. வாய்க்கால் முழுவதும் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. "இந்த நிலத்தில் வாய்க்கால் ஏதும் இல்லை, பாசனம் இல்லை" என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார் ஊராட்சி கிளார்க் ஜெயபாண்டி.

"வாய்க்கா இருக்கேப்பா?" என்றாள் ராக்கம்மாள்.

"எங்கே தலைவரே இருக்கு? தண்ணி ஓடுனாத்தான் வாய்க்கா. ஓடாட்டி அது பள்ளம். பள்ளம் இருக்குன்னு யாராச்சும் சர்ட்டிபிகேட் கேட்டாங்களா?"

கிராமசபையில் வைத்தார்கள். வந்திருந்த அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். கையைத் தூக்கினவர்களில் ஒருவருக்குக்கூட, அந்த ஊரில் வருசம் தவறாமல் நடக்கிற ஒரு காரியம் நினைவுக்கு வரவில்லை. பார்த்துப் பழகின காரியத்தை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

காரியம் இதுதான். கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு வயல் பிரித்துவிடுகிறவருக்கு நீர்ப்பாய்ச்சி என்று பெயர். செவ்வூரணிப்பட்டியின் நீர்ப்பாய்ச்சி மாயழகு, நாற்பது வயசு, நாக்கு மட்டும் நீளமான ஒல்லி மனுசன். வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வயலுக்கும் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை தண்ணீர் என்று கணக்கு உண்டு. அதற்குத்தான் முறை என்று பெயர். ஆடி பதினெட்டாம் நாள் மாயழகு மடைமேல் ஏறி நின்று, எந்த வயலுக்கு எப்போது முறை என்று முதல் வயலிலிருந்து கடைசி வயல் வரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கண்மாய் நிறைந்தாலும் கூப்பிடுவார், காய்ந்தாலும் கூப்பிடுவார். கண்மாய் காய்ந்து கிடந்த ஏழு வருசமும் பல்லிக்கும் ஓணானுக்கும் கேட்கிற மாதிரி, விற்றுப்போன பதினான்கு ஏக்கரையும் சேர்த்தே, "சோலையப்பன் வயலு, புதன்கெழமை பதினொண்ணுலருந்து ரெண்டு" என்று கூப்பிட்டுவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போனார். கேட்கவேண்டியது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது போல.

பதினான்கு ஏக்கரில் வாய்க்காலை மண்ணடித்து மூடி, தங்கமலர் நகர் என்று வளைவு வைத்து, முப்பத்தொரு வீடும் ஒரு சமுதாயக்கூடமும் எழும்பின. எட்டாம் வருசம் ஆவணிக் கடைசியில் பிடித்த மழை பத்து நாள் விடவில்லை, கண்மாய் கரை தளும்பியது, மாயழகு மடையைத் திறந்தார். அடுத்த புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒன்பதாம் மனையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த ஜொஹராவின் காலைத் தண்ணீர் தொட்டது.

கதவு சாத்தியிருந்தது. குழாய் மூடியிருந்தது. தண்ணீர், விருந்தாளி மாதிரி, வாசற்படியில் ஒரு கணம் நின்றுவிட்டு உள்ளே வந்து, கூடத்தை நிறைத்து, கணுக்கால் அளவுக்கு ஏறி, அதற்கு மேல் ஏறாமல் நின்றது. சேறில்லை, வாடையில்லை. தையல் மெஷினின் மிதிப்பலகைக்குக் கீழே இரண்டு கெண்டைக்குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அக்கா, எங்க வீட்டுக்குள்ள தண்ணி நிக்கிது" என்று ராக்கம்மாளுக்குப் போன் செய்தாள்.

"குழாயை நல்லா அடைச்சியா?"

"குழாத்தண்ணியில கெண்டை வருமாக்கா?"

ராக்கம்மாள் மாவுக்கையோடு ஓடினாள். போகிற வழியில் மாயழகையும் இழுத்துக்கொண்டு போனாள். மாயழகு செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, தண்ணீரில் ஒரு விரலை விட்டுப் பார்த்து, சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார்.

"இது சோலையப்பன் வயலு. பதினொண்ணுலருந்து ரெண்டு. சரியாத்தான் வந்திருக்கு."

"இது என் வீடுண்ணே!" என்றாள் ஜொஹரா.

"வீட்டை யாரும்மா இல்லேன்னது? ரெண்டு மணிக்குப் போயிரும். அதுவரைக்கும் மறிக்காம இரு, அது போதும்."

இரண்டு மணிக்குப் போனது. போகும்போது தரையைத் துடைத்துவிட்ட மாதிரி காயவைத்துவிட்டு, பின்கதவு வழியாகப் பன்னிரண்டாம் மனைக்குள் நுழைந்தது.

ஒரு வாரத்துக்குள் முப்பத்தொரு வீட்டுக்கும் முறை வந்துவிட்டது. தண்ணீர் மனையின் கணக்கைப் பார்க்கவில்லை, பழைய வயலின் கணக்கைத்தான் பார்த்தது. பத்தாம் மனையில் இருக்கிற பஸ் கண்டக்டர் ராஜமாணிக்கத்தின் கூடத்துக்கு நடுவே ஒரு காலத்தில் வரப்பு ஓடியது என்பதால், தண்ணீர் கூடத்தின் பாதிவரை வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பதுபோல் செங்குத்தாக நின்றுகொண்டது. மறுபாதியில் சோபா சொட்டுக்கூட நனையாமல் இருந்தது. கண்டக்டருக்கும் அவர் மனைவிக்கும் சண்டை வந்தால், முறைநாளாக இருந்தால், ஒருவர் ஈரத்திலும் ஒருவர் காய்ந்த பக்கத்திலும் உட்கார்ந்துகொண்டார்கள். இடையில் மீன் மட்டும் போய்வந்தது.

முதல் முறைக்கு அழுதார்கள். இரண்டாம் முறைக்குச் சண்டைக்கு வந்தார்கள். மூன்றாம் முறைக்குக் கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தார்கள். நாலாம் முறைக்குள் நகருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. முறை மணியைக் கதவின்மேல் சாக்பீஸால் எழுதிவைத்தார்கள், பிறகு பெயிண்டால் எழுதினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருகிறோம் என்றால், "வெள்ளிக்கெழமை வேணாம், எங்களுக்கு முறை, சனிக்கெழமை வாங்க" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதுகிற இடத்தில் பிள்ளைகள் முறை என்று எழுதின. தலைமையாசிரியர் முதலில் கிழித்தார், பிறகு முறைப்பட்டியலை வாங்கித் தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். நகருக்குக் கீழே இன்னும் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த கீழவயல்காரர்கள், வாய்க்காலை மூடியதோடு நம் பிழைப்பும் மூடிவிட்டது என்று விதைநெல்லைக்கூட விற்றிருந்தார்கள். அவர்கள், வீடு வீடாக நுழைந்து தங்கள் வயலுக்கு வந்து சேர்ந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, கடன் கேட்டு விதை வாங்கி நாற்றுப் பாவினார்கள். தண்ணீர் போகிற வழியெல்லாம் மண்வெட்டியோடு கூடவே போவது அவர்கள் வழக்கம். ஆகவே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டி, கூடம் கூடமாக நடந்து போனார்கள்.

"தங்கச்சி, அந்த பீரோவைச் சித்தெ தள்ளிக்க. தண்ணி தேங்குது."

"ஏண்ணே, அது எங்கம்மா வீட்டுச் சீரு, ரொம்ப கனம். இந்தப் பக்கமா ஓட்டிட்டுப் போங்கண்ணே."

"சரி, சரி. என்ன கொழம்பு? வாசம் தெரு வரைக்கும் வருது."

"முறைமீனுதான்."

ஒரு பொறியாளர் வந்தார். பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு, மூன்றாம் மனையின் சமையலறையில் நின்றபடி, வரைபடத்தில் வாய்க்கால் இல்லாததால் தண்ணீர் வர வாய்ப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். ஊருக்குள் இருந்தவர்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு பொறாமைப்பட்டார்கள். வெயில் நாளில் நகருக்குப் போய்க் காலை நனைத்துவிட்டு வருவதற்கென்றே சொந்தம் கொண்டாடினார்கள். அறுப்புக்கு வந்ததும் நீர்ப்பாய்ச்சிக்கு வயலுக்கு ஒரு கட்டுக் கதிர் கொடுக்கவேண்டும் என்று கேள்விப்பட்ட ஜொஹரா, தனக்குக் கதிர் இல்லையே என்று நாலு நாள் யோசித்து, மாயழகுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். அதன்பிறகு நகரில் ஒவ்வொரு வீடும் தன்னால் ஆனதைக் கொடுத்தது. கண்டக்டர் மட்டும், பஸ்ஸில் எப்போது வேண்டுமானாலும் ஜன்னலோரம் ஓர் இடம் என்று வாயால் கொடுத்தார்.

தண்ணீர் வேண்டாம் என்று சொல்லவும் வழி இருந்தது. வயல்காரர், தனக்குத் தேவையில்லை என்றால், மடையில் நீர்ப்பாய்ச்சி முன்னால் நின்று, "இந்த முறையைக் கீழவயலுக்கு விட்டேன்" என்று சொல்லவேண்டும். தண்ணீர் அவரைத் தாண்டிப் போய்விடும். தன் தங்கையின் நிக்காஹ் அன்றைக்கு ஜொஹரா அப்படித்தான் விட்டாள். ஆனால் அதற்கும் ஒரு கட்டு உண்டு. தொடர்ந்து இரண்டு முறைதான் விடலாம். மூன்றாம் முறை விடமுடியாது, விட்ட இரண்டு முறைகளும் சேர்ந்து வந்துவிடும். தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நிலம் என்ன ஆகிறது என்று மாயழகு கேட்டார்.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்க ராக்கம்மாளுக்கு மனசு நிறைந்தது. நிறைந்த கையோடு பயமும் ஏறியது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் பளபளவென்று நின்ற தண்ணீரைக் குனிந்து பார்த்தால், "வாய்க்கால் ஏதும் இல்லை" என்கிற வரியும், அதற்குக் கீழே தனித்தனியாக வைத்துப் போட்ட அவளுடைய கையெழுத்தும் தெரிந்தன.

ஐப்பசி பிறந்ததும் தனராஜ் திரும்ப வந்தார். இந்தத் தடவை நாற்பத்துமூன்று ஏக்கர், மடைக்கு நேர் கீழே, ஊரிலேயே நல்ல வயல்கள். பாதிப் பேர் முன்பணம் வாங்கியிருந்தார்கள்.

"அக்கா, நீங்க பயப்படவே வேணாம். போன தடவை போட்ட அதே சர்ட்டிபிகேட்டுதான். ஒரு வார்த்தைகூட மாத்தலே."

"போன தடவை போட்டதையே எப்படி அழிக்கிறதுன்னு தெரியலை தம்பி."

"அதைத்தான் நானும் சொல்றேன். இப்பப் போயி வாய்க்கா இருக்குன்னு சொன்னீங்கன்னா அப்ப போட்டது பொய்யின்னு ஆயிரும். பதவி போகும், கேஸு வரும். ஆறாப்பு படிச்ச பொம்பளை ஏமாந்துட்டேன்னு சொன்னா கோர்ட்டுல கேப்பாங்களா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." அவர் குரலில் உண்மையாகவே அக்கறை இருந்தது. அதனால்தான் அவளுக்கு இன்னும் அதிகமாகப் பயமாக இருந்தது.

நவம்பர் ஒன்றாம் தேதி கிராமசபை. பார்வையிட வருகிற அதிகாரி குணசீலன், நேராகப் பார்த்துவிட்டு எழுதுகிறவர் என்று பேர் வாங்கியவர். கூட்டத்தை நகரின் சமுதாயக்கூடத்திலேயே வைக்கலாம், பந்தல் பிரியாணி எல்லாம் என் பொறுப்பு என்றார் தனராஜ். கூடம் அவருடைய பெயரில் இருந்தது. மனை பார்க்க வருகிறவர்களுக்குக் கூடம் காய்ந்திருக்கவேண்டும் என்பதற்காக, தன் மேஸ்திரியை மடைக்கு அனுப்பி இரண்டு தடவை முறையை விடச் செய்திருந்தார்.

"மூணாவது முறை என்னைக்கு?" என்று மாயழகிடம் கேட்டாள் ராக்கம்மாள்.

"நவம்பர் ஒண்ணு. பதினொரு மணி."

"தனராஜுகிட்ட ரெண்டு தடவைக்கு மேல விடக்கூடாதுன்னு சொன்னியா?"

"அவரு வந்தாத்தானே சொல்ல? மேஸ்திரி வந்தான். 'விட்டேன், விட்டேன்'னு பைக்கை நிறுத்தாமலே சொல்லிட்டுப் போயிட்டான்."

அவள் சொல்லத்தான் போனாள். தனராஜ் போனில் பேசிக்கொண்டிருந்தார், இருங்கள் என்று கையைக் காட்டினார். இருந்தாள். மாவு புளித்துவிடுமே என்று நினைப்பு வந்தது, திரும்பி வந்துவிட்டாள். தான் செய்தது சரியா தப்பா என்று அன்றைக்கு முழுவதும் கிரைண்டரைக் கேட்டாள்.

நவம்பர் ஒன்றாம் தேதி கூடம் நிறைந்திருந்தது. நகர்க்காரர்கள், ஊர்க்காரர்கள், கீழவயல்காரர்கள் என்று நானூறு பேருக்குக் குறையாது. ஓரத்தில் பிரியாணி அண்டா, மேடையில் பூ வைத்த மேசை, மேசைக்குப் பின்னால் குணசீலன். ஜெயபாண்டி எழுந்து, "தீர்மானம் எண் நாலு. மேற்படி நாற்பத்துமூன்று ஏக்கரில் வாய்க்கால் ஏதும் இல்லை" என்று வாசித்துக்கொண்டிருந்தபோது மணி பதினொன்று.

தண்ணீர் வந்தது. வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டு உள்ளே நுழைந்து, முன்வரிசை நாற்காலிகளைத் தாண்டி, கணுக்காலுக்கு வந்து, நிற்காமல் முழங்காலுக்கு ஏறியது. மூன்று முறைத் தண்ணீர் அல்லவா. யாரும் எழுந்து ஓடவில்லை. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்கள், ஆண்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றினார்கள். பிரியாணி அண்டா மிதந்து, மெல்ல ஒரு சுற்று சுற்றி, தானாகவே பெண்கள் பக்கம் போய்ச் சேர்ந்தது. நாலு பேர் பிடித்துத் தூக்கி மேடையில் வைத்தார்கள். கீழவயல்காரர் இரண்டு பேர் வழக்கப்படி மண்வெட்டியோடு தண்ணீருக்குப் பின்னாலேயே வந்து, மேடை ஓரம் தேங்குகிறதைப் பார்த்து, "ஐயா, சித்தெ காலைத் தூக்கிக்கங்க" என்று குணசீலனிடம் சொன்னார்கள். அவர் தூக்கிக்கொண்டார். ஒரு நண்டு மேசைவிரிப்பைப் பிடித்து மேலே ஏறிவந்து, தீர்மானப் புத்தகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

"மெயின் பைப்பு ஒடைஞ்சிருச்சு சார்" என்றார் தனராஜ், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு. "பத்து நிமிசத்துல ஆளைக் கூப்பிடறேன்."

"பைப்புத் தண்ணியில நண்டா?" என்றார் குணசீலன்.

"சார், வாய்க்கால் இல்லைன்னு தலைவரம்மாவே கையெழுத்துப் போட்டிருக்காங்க. மூணு வருசத்துக்கு முந்தியே. வாய்க்கால் இல்லாதப்ப வாய்க்கால் தண்ணி எப்படி சார் வரும்?"

குணசீலன் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. இது என்ன தண்ணி?"

அவள் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. ஐயா வணக்கமுங்களும் வரவில்லை, நடந்தது என்னன்னாவும் வரவில்லை. ஓர் அடி முன்னால் எடுத்துவைத்தாள். தண்ணீரில் சின்னச் சின்ன வளையம் கிளம்பி ஜொஹரா வரைக்கும் போனது.

"முறைத்தண்ணிங்கய்யா" என்றாள். "வாய்க்கா இல்லைன்னு கையெழுத்துப் போட்டது நான்தான். படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன், எழுத்துக்கூட்டிப் படிச்சேன். வாய்க்கா இருந்துச்சு. மூடுனோம். இப்பவும் இருக்கு. நீங்க காலைத் தூக்கி வச்சிருக்கீகளே, அதுக்குக் கீழதான் இருக்கு."

குணசீலன் பேனாவை மேசையில் வைத்தார்.

"இதை எழுத்துல குடுத்தா உங்க மேல நடவடிக்கை வரும். தெரியுமா?"

"தெரியுங்கய்யா. மூணு வருசமாத் தெரியும்."

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "அதெல்லாம் சரி ராக்கு! வயலை விக்காட்டி என் மகன் எங்கே வீடு கட்டுறது? ஊரு பெருத்துக்கிட்டே போகுது, உன் தலையிலயா கட்டுறது?"

இந்தக் கேள்விக்கு அவளுக்குப் பயமே இல்லை. "ஊருக்குள்ள இடிஞ்சு விழுந்து, கருவேல் மொளைச்சு, பாம்பு குடியிருக்கிற மனை அம்பத்தேழு கெடக்கு. தெனம் மாவுத்தூக்கைத் தூக்கிக்கிட்டு அதைச் சுத்தித்தான் நடக்கேன், எனக்குத் தெரியாதா? உங்க பங்காளி வீட்டு மனையே ரெண்டு கெடக்கு மாமா, நீங்களும் அவுகளும் பேசிக்காததால. அதுக்கும் மேல வேணும்னா வடக்கே கல்லுக்கரடு இருக்கு. அங்கே எந்தக் காலத்துலயும் எதுவும் மொளைச்சதில்லை, தண்ணிக்கும் வழி தெரியாது. ரோடு போட்டு, லைட்டுப் போட்டு நான் தர்றேன். வயலைத் தொடாதீக."

"பங்காளிகூடப் பேசுறதுக்கு நீ லைட்டுப் போட்டுத் தருவியா?" என்றார் மாமா. கூடம் சிரித்தது. ஆனால் அவர் உட்கார்ந்துவிட்டார்.

"நகரை இடிச்சிருவாங்களா?" என்று மெல்லக் கேட்டாள் ஜொஹரா.

"எதுக்கு இடிக்கணும்?" என்றார் மாயழகு. "முறை ஒழுங்காப் போகுதில்ல? மறிக்காம இருந்தாச் சரி. வாய்க்கா வெட்டுற அன்னைக்கு வீட்டுக்கு ஒராளு வந்துருங்க. வயல்காரங்கன்னா வரணும்."

"நாங்க வயல்காரங்களா!" என்றார் கண்டக்டர், ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி.

முன்பணம் வாங்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருப்பித் தருவதாக முதலில் ஒருவர் சொன்னார், பிறகு மற்றவர்களும் சொன்னார்கள், சந்தோசமாக அல்ல. தனராஜ் மேடைப் படியில் உட்கார்ந்து, பேண்ட்டைப் பிழிந்தபடி, "பிரியாணியாவது சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டார்கள், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே. அவருக்கும் ஒரு தட்டு நீட்டினாள் ராக்கம்மாள். பாவம், அன்றைக்கு அவர் எச்சரித்ததில் பொய் ஒன்றும் இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது, பதவி போகத்தானே போகிறது.

பிறகு ஜெயபாண்டி தீர்மானத்தைப் புதிதாக எழுதினார். நாற்பத்துமூன்று ஏக்கரிலும் வாய்க்கால் உண்டு, பாசனம் உண்டு, அங்கே மனைக்கல் ஊன்றக்கூடாது. புது வீடு ஊர்மனையிலும் கரட்டிலும் மட்டும். நகரின் முப்பத்தொரு வீடும் முறைக்குக் கட்டுப்பட்டு இருந்துகொள்ளும். மூன்று வருசத்துக்கு முன்பு எழுதியது தவறு. "தவறு" என்கிற இடத்தில் பேனாவை நிறுத்தி, "யாரு தவறுன்னு போடட்டும்?" என்று கேட்டார்.

ராக்கம்மாள் வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்பாகவே ஒரு குரல் வந்தது. அந்த மாமாதான். "அன்னைக்கு நான் ரெண்டு கையையும் தூக்குனேன். ஊரு தவறுன்னு போடு."

"அப்படிப் போட்டா எல்லாரும் கையெழுத்துப் போடணும்" என்றார் குணசீலன். "தலைவர் கையெழுத்து அவசியம் வேணும். அதை வச்சுத்தான் மேல எழுதமுடியும்."

"போடறோம்" என்றார்கள்.

தீர்மானப் புத்தகம் கை மாறி, தலை மாறி, தண்ணீருக்கு மேலேயே போனது. நகர்க்காரர் போட்டார், ஊர்க்காரர் போட்டார், கீழவயல்காரர் சேற்றுவிரலைத் துடைத்துவிட்டு ரேகை வைத்தார். தலைவர் முதலில் போடுவதுதான் வழக்கம். ராக்கம்மாள் முதலில் போடவில்லை. எல்லாரும் போட்டபிறகு கடைசியில் போடுவாள் என்று ஜெயபாண்டி காத்திருந்தார். கடைசியிலும் போடவில்லை. இடையில் எப்போதோ, எந்தப் பக்கத்திலோ, ஜொஹராவுக்கும் மாயழகுக்கும் நடுவே புத்தகம் போய்க்கொண்டிருந்த நேரத்தில், முந்தானையால் மறைத்துக்கொண்டு, தலைவர் என்று எழுதாமல், முத்திரை வைக்காமல், மற்றவர்களைப் போலவே பெயர், தொழில் மாவு வியாபாரம், கதவு எண் என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

இரண்டு மணிக்குத் தண்ணீர் இறங்கியது. கூடம் காய்ந்தது. குணசீலன் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், நடுவில் கட்டைவிரலை வைத்துச் சரசரவென்று திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, தலைவர் கையெழுத்து எங்கே?"

ராக்கம்மாள் கூட்டத்துக்குள் நாலாம் வரிசையில், இரண்டு பேருக்கு நடுவே, தலை மட்டும் தெரிகிற மாதிரி நின்றிருந்தாள்.

"உள்ளதான் இருக்குங்கய்யா. மொதல்லருந்து ஒவ்வொரு பேரா வாசிச்சுக்கிட்டே வாங்க. வரும்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை எடுத்து மாட்டி, முதல் பேரிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.